பதில்கள் போன வழி

மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பெரிய ஆஸ்பத்திரி கீழே ஊரில் இருந்தது. காலையிலிருந்து மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கம்ப்யூட்டர்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது.

இரண்டு இடத்து நெட்வொர்க்கையும் ரவுட்டர் என்னும் வழிகாட்டிப் பெட்டிகளால் இணைக்கும் வேலை ஞானசிகாமணியுடையது. ஐம்பத்திரண்டு வயதில் தொழிலை மாற்றிக்கொண்டவர். அவருடைய குரு தமயந்திக்கு வயது முப்பத்தொன்று. அதிலென்ன, கேட்க வெட்கப்பட்டால் வேலை நடக்குமா?

அடுத்த அறையில் எட்டு மாதக் கர்ப்பிணி எஸ்தர் படுத்திருந்தாள். பதினொரு மணிக்குள் அவளுடைய ஸ்கேனைக் கீழே பெரிய டாக்டர் பார்த்துப் பயமில்லை என்று சொன்னால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பில் குலுக்கிக்கொண்டுதான் இறக்க வேண்டும்.

மணி பத்தே கால்.

"கீழ போற வழியை நம்ம ரவுட்டர்ல எழுதிட்டேன் மேடம். அனுப்பறது எல்லாம் போகுது. பதில் ஒண்ணுகூடத் திரும்பி வரலை. போன் பண்ணினா, எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்கிறான் அங்க நெட்வொர்க் பாக்கிற அந்த பீர் முகமது. வாயில நல்லா வருது!"

"அப்படியா?"

"பேசாம ரவுட்டரைத் தூக்கிட்டு பிரிட்ஜ்னு இன்னொரு பெட்டியைப் போட்டுடலாம். ரெண்டு இடமும் ஒண்ணாயிடும். வழியே கேக்க வேண்டாம்."

"அப்புறம் இங்க ஒரு பிரிண்டர் இருமினாக்கூட அங்க அத்தனை மிஷினும் திரும்பிப் பாக்கும். இந்த ஒல்லி லைன் தாங்குமா அண்ணா?"

தமயந்தி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"கண்ணை மூடுங்க."

"இப்பவா?"

"மூடுங்கண்ணா."

மூடினார். முகத்தில் மேகம் ஈரமாகப் பட்டது.

"இப்ப நீங்கதான் கீழ இருக்கிற ரவுட்டர். மேலேருந்து ஒரு கடிதம் வருது. படத்தை அனுப்பலாமான்னு கேக்குது. வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"பதில் சொல்லுங்க."

"அனுப்பலாம்."

"அந்தப் பதிலை எந்தப் பக்கம் விடுவீங்க?"

எந்த இடத்துக்கு எந்த வழி என்று தன்னிடமிருந்த பட்டியலை அவர் இருட்டில் தடவிப் பார்த்தார். பக்கத்து வார்டு இருந்தது. மருந்துக் கடை இருந்தது. மலை இல்லை.

"மலையே என்கிட்ட இல்லையே மேடம்."

"பட்டியல்ல இல்லாததை எங்க விடுவீங்க?"

"வெளியே... இன்டர்நெட்டுக்கு."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பதிலாக வாசலைத் தாண்டிப் போயிற்று. மலை எங்கே, மலை எங்கே என்று முன்பின் தெரியாத ஊர்களில் கேட்டுக்கொண்டு அலைந்தது. யாரும் வழி சொல்லாமல் மேகத்தோடு மேகமாகக் கரைந்தது.

"ஐயையோ! காலையிலிருந்து அவங்க சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காங்க!"

கண்ணைத் திறந்தபோது கலங்கியிருந்தது. பீர் முகமதுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. மலைக்குத் திரும்பி வரும் வழியை ஒரே ஒரு வரியாகச் சொன்னார். அவனும் அதைக் கீழே ரவுட்டரில் எழுதினான்.

ஸ்கேன் போயிற்று. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் டாக்டர் சொன்னது வந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஞானசிகாமணி ஒயர்களைச் சுருட்டி வைத்தார். பிறகு கேட்டார்.

"அவங்க பதில் சொல்லிக்கிட்டிருக்காங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி?"

"எனக்கு வந்து சேரலைங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவங்க சொல்லலைங்கிறது எனக்கெப்படித் தெரியும்?"