தாம்பாளத்தில் நாலு பேர்

ஏரி ஒன்று. அதை நம்பி நாலு ஊர். மதகு திறக்கிற நாளில் நாலு ஊர்த் தலைவர்களும் கரையில் ஒரே பந்தியில் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, நேரே போய் மதகைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒருத்தர் பாதியில் இலையை விட்டு எழுந்தாலும் அந்த வருஷத்துக்குத் தண்ணீர் கிடையாது.

போன வருஷம் ஒருத்தர் எழுந்தார். தெற்கூர்த் தலைவர் மலைக்கொழுந்து. முதல் இலையில் அவர் தம்பி சங்கரபாண்டியை உட்கார வைத்துவிட்டார்கள் என்று கோபம். தம்பி வடக்கூருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய், அந்த ஊருக்கே தலைவரானவர். சொத்தைப் பாகம் பிரித்த அன்றைக்கு நின்றுபோன பேச்சு இன்னும் தொடங்கவில்லை. அண்ணன் எழுந்ததோடு சரி, மதகு மூடியே கிடந்தது. நாலு ஊர் நாற்றும் நாற்றங்காலிலேயே கருகிப் போயிற்று.

இந்த வருஷம் விருந்து நாளைக்கு. மலைக்கொழுந்துக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உலகம்மாளைத் தேடி மடத்துக்கு வந்துவிட்டார்.

உலகம்மாள் அங்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். வயதில் இவரைவிடச் சின்னவர். ஆனாலும் தலை நரைத்த பிறகு இவர் போய்ச் சேர்ந்த குரு அவர்தான். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

இந்தத் தடவை வரிசையே வேண்டாம், வட்டமாக உட்காருவோம், வட்டத்துக்குத் தலை ஏது வால் ஏது என்று மற்ற ஊர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டதாக வந்ததும் சொன்னார். உட்காரவில்லை. தூணுக்குத் தூண் நடந்துகொண்டே சொன்னார்.

வாளியை எந்த இலையில் ஆரம்பிப்பார்கள் என்று உலகம்மாள் கேட்டார்.

அதையும் யோசித்தாயிற்று. பரிமாற வெளியாள் கிடையாது. ஆளுக்கொரு கரண்டி. அவரவர் வலப்பக்கத்து இலைக்கு அவரவர் பரிமாற வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில்.

"நல்லாத்தானே இருக்கு. பிறகு என்ன?"

"யாரு எங்கன்னுதான் அம்மா பிடிபடல. எண்ணிப் பார்த்தேன். இருபத்து நாலு விதம் வருது. எதை எடுத்தாலும் உதைக்குது."

உலகம்மாள் உள்ளே போய் ஒரு தாம்பாளம் கொண்டுவந்தார். அதில் ஒரு மிளகாய் வற்றல், ஒரு புளியங்கொட்டை, ஒரு உப்புக்கல், ஒரு வெல்லக்கட்டி. நாலையும் வட்டமாக வைத்தார்.

"நீங்க மிளகாய். உங்க தம்பி வெல்லம்."

"அவனா வெல்லம்?"

உலகம்மாள் அதைக் காதில் வாங்காமல் தாம்பாளத்தைக் கொஞ்சம் திருப்பினார்.

"இது வேற விதமா, அதே விதமா?"

"வேறதான். மிளகாய் வாசப்பக்கம் வந்துட்டுதே."

இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இது?"

"இதுவும் வேற."

"மிளகாய்க்கு வலப்பக்கம் யாரு?"

"புளியங்கொட்டை."

"திருப்புறதுக்கு முன்னால?"

மலைக்கொழுந்து நடப்பதை நிறுத்தினார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். தட்டைத் தானே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். நாலு விதம் என்று நினைத்தது அத்தனையும் ஒரே விதம். விரல் விட்டு எண்ணினார்.

"அப்போ ஆறுதானா?"

"ஆறுதான். நாலு பேரையும் நகர்த்திக்கிட்டே இருந்தா இருபத்து நாலு வரும். ஒருத்தரை இருத்திட்டு மத்தவங்களை எண்ணணும்."

அவர் மிளகாயை விட்டுவிட்டு வெல்லத்தைக் கையில் எடுத்தார். மிளகாய்க்கு வலப்பக்கம் வைத்தார். அப்படியானால் தம்பிக்கு இவர் சோறு போட வேண்டும். சட்டென்று எடுத்து இடப்பக்கம் வைத்தார். தம்பி போட்ட சோற்றை இவர் தின்ன வேண்டும். எடுத்து எதிரே வைத்தார். சாப்பிட்டு முடிகிற வரைக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உப்பையும் புளியங்கொட்டையையும் எப்படி மாற்றிப் போட்டாலும் வெல்லத்துக்கு அந்த மூன்று இடம்தான்.

"ஒளிய ஒரு தூணு கூட இல்லையே."

அவர் வெல்லத்தை வைத்துவிட்டு மிளகாயைத் தூக்கப் போனார். உலகம்மாள் அவர் கையைத் தடுத்தார்.

"அதை எடுக்காதீங்க. எடுத்தா மறுபடியும் இருபத்து நாலு."

மலைக்கொழுந்து திரும்பவும் நடக்க ஆரம்பித்தார். வாசல் வரைக்கும் போய், செருப்பில் கால் நுழைத்து, கழற்றிவிட்டு வந்தார். மடத்துக்கு வரும் வழியில் பார்த்த நாற்றெல்லாம் மஞ்சளடித்து நின்றது. இந்த வருஷமும் பந்தி கலைந்தால் விதைக்க விதைநெல் எந்த வீட்டிலும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் ஓடல அம்மா. ஆறுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க. அவனை எங்க உட்கார வைக்கணும்?"

உலகம்மாள் தாம்பாளத்திலிருந்து வெல்லத்தை எடுத்து வெளியே, தரையில் வைத்தார். தட்டில் மிளகாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீங்க முதல்ல போய் உட்காருங்க அண்ணாச்சி. அவர் எண்ணட்டும்."