மௌனம் முடியும்வரை

மேற்கு மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்தவர் நாச்சியம்மை. அவருடைய முதல் சீடர் அரங்கநாயகத்துக்கு அவரைவிட இருபது வயது அதிகம். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் துறந்து வந்துவிட்டார் என்றாலும், விரிவுரை ஆசை மட்டும் அவரை விட்டு முழுசாகப் போகவில்லை.

ஒருநாள் முற்பகலில் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன பேராசிரியரே, தூங்கலையா?"

"தூக்கம் வரலை அம்மா. நேத்து கீழே பள்ளிக்கூடத்துல பேசப் போனேன்ல, அங்க ஒரு சின்னப் பொண்ணு கேள்வி கேட்டா."

"என்னன்னு?"

"'எங்கப்பாவுக்கு வேலை கிடைச்சு நாங்க இந்த ஊருக்குக் குடிவந்தோம். வெள்ளைக்காரங்களும் குடிவந்தாங்க. அவங்க செஞ்சதை மட்டும் ஏன் காலனியாதிக்கம்னு சொல்றீங்க?'ன்னு கேட்டா."

"நல்ல கேள்வி. நீங்க என்ன சொன்னீங்க?"

"முக்கால் மணி நேரம் சொன்னேன்."

அம்மை சிரித்துவிட்டார். அரங்கநாயகத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அந்தச் சொல்லே தேஞ்சுபோச்சு அம்மா. ஏரியில ஆகாயத்தாமரை படர்ந்தா காலனியாதிக்கம். வீட்டுக்குள்ள டிவி வந்தா காலனியாதிக்கம். என் பையனோட புத்தகம் சமையலறை வரைக்கும் வந்துருச்சாம், அதையும் என் மருமக அப்படித்தான் சொல்றா. குழந்தைக்குப் புரியற மாதிரி ஒரே வாக்கியம் வேணும். எனக்கு வர மாட்டேங்குது."

"சொல்லிப் பாருங்க."

"வெளியிலேர்ந்து வந்து தங்குறது."

"நானும் வெளியிலேர்ந்து வந்தவதான்."

"ஆயுதத்தோட வந்து தங்குறது."

"ஆயுதம் இல்லாம நடந்ததே கிடையாதா?"

"நடந்திருக்கு. கடை போட வந்திருக்காங்க, வைத்தியம் பாக்க வந்திருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி, அங்க இருக்குறதை எடுத்துக்கிட்டுப் போறது."

"அது திருட்டு. அதுக்குத்தான் தனியா ஒரு சொல் இருக்கே."

அரங்கநாயகம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உச்சிவேளை நெருங்கிவிட்டிருந்தது. மௌனம் முடிந்ததும் பேசலாம் என்று சொல்லி அம்மை எழுந்துகொண்டார்.

உச்சிவேளை மௌனம் அரங்கநாயகம் கொண்டுவந்த ஏற்பாடு. மடத்துக்குப் பின்னால், ஓடைக்கு மேலே, பாறையிடுக்கில் ஓர் ஊற்று உண்டு. மலையில் ஆடு மேய்ப்பவர்கள் அதைக் கிடா ஊத்து என்பார்கள். அவர் வந்த புதிதில் அது சேறும் புழுக்கையுமாகக் கிடந்தது. தன் கையாலேயே தூர்வாரிக் கல் பதித்தார். ஊற்றையும் ஓடையையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டுக் கதவு வைத்தார். 'மோன தீர்த்தம்' என்று பலகையும் மாட்டினார். ஆடு மேய்ப்பவர்களை ஒருநாளும் விரட்டியதில்லை. மௌன நேரம் போக மற்ற நேரங்களில் அவர்கள் வந்து ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டலாம். ஆட்டுமணிச் சத்தம் தியானத்தைக் கலைக்கிறது என்று தோன்றியபோதும் அவர் அன்பாகத்தான் கேட்டுக்கொண்டார். மணிக்குள் திணிக்கத் தேங்காய் நாரை அவரே பிரித்துக் கொடுத்தார். அவர்களும் மறுபேச்சில்லாமல் வாங்கித் திணித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மடத்தார் எல்லோரும் ஊற்றருகே கண்மூடி உட்கார்ந்த சற்று நேரத்தில் வேலிக்கதவுப் பக்கம் யாரோ வந்து நிற்பது போலிருந்தது. அரங்கநாயகம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஆடு மேய்க்கிற சடச்சி. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் உள்ளங்கையைக் காட்டினார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு வெயிலிலேயே குத்தவைத்தாள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மனசு என்னவோ பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கான வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து நாச்சியம்மை கண் திறந்தார். சடச்சியைப் பார்த்ததும் எழுந்து கதவருகே போனார்.

"என்ன சடச்சி? எப்ப வந்தே?"

சடச்சி பதறி எழுந்து உதட்டில் விரல் வைத்தாள். பிறகு கிசுகிசுத்தாள்.

"சினையாடு ஒண்ணு வேலியில பூந்து உள்ள போயிருச்சு தாயி. காலையிலருந்தே அதுக்கு நோவு. தலையீத்து வேற. மணியில நாரு அடைச்சிருக்கு, எங்கிட்டுப் போச்சுன்னு வெளங்கல. ஓடைக்குள்ளதான் எறங்கியிருக்கும்."

"உள்ள வந்து தேடியிருக்கலாமே?"

"மௌனம் முடியட்டும்னு இருக்கேன். சாமி பொறுக்கச் சொன்னாரு."

பின்னாலேயே வந்து நின்ற அரங்கநாயகத்தின் முகம் சுருங்கியது. "ஆடு காணாமப்போன விஷயம்னு எனக்குத் தெரியாதே அம்மா," என்றார்.

அம்மை கதவைத் திறந்துவிட்டார்.

மூவரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். கரையெங்கும் புதர் மண்டிக் கிடந்தது. சடச்சி வாயருகே கையைக் குவித்து ஆட்டைக் கூப்பிட்டாள். குரல் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"சத்தமாக் கூப்பிடு சடச்சி," என்றார் அம்மை.

அவள் உடனே கூப்பிடவில்லை. திரும்பி அரங்கநாயகத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தலையசைத்தார்.

சடச்சி கூப்பிட்டாள். ஓடை முழுக்கக் கேட்டது. கீழே நொச்சிப் புதருக்குள்ளிருந்து ஆடு பதிலுக்குக் கத்தியது.

அது இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒன்று நனைந்த உடம்போடு மடியைத் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தது. இன்னொன்று பனிக்குட உறைக்குள்ளேயே கிடந்தது. சடச்சி பாய்ந்து போய் விரலால் உறையைக் கிழித்தாள். மூக்கைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டி, வாயில் ஊதிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப ஊதினாள். உடம்பில் சூடு மட்டும் மிச்சமிருந்தது.

"மொதப் பேறுல்ல, நக்கி எடுக்க அதுக்குத் தெரியல," என்றாள் குட்டியைக் கீழே வைத்துவிட்டு. "பக்கத்துல ஆளிருந்தா பொழைச்சிருக்கும்."

அரங்கநாயகம் அவள் பக்கத்தில் குத்தவைத்தார்.

"என்னை மன்னிச்சுடும்மா," என்றார்.

"நீங்க என்ன சாமி செஞ்சீக? ஒண்ணாவது தங்குச்சே. மௌன நேரத்துலயும் உள்ள விட்டீக, அதுவே பெருசு. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள். அந்தக் கும்பிடுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று ஏங்கினார்.

பிழைத்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தாயாட்டைப் பின்னால் நடக்கவிட்டு, சடச்சி வெளியே போனாள். போகும்போது சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இறந்த குட்டியை அரங்கநாயகம் குழி தோண்டிப் புதைத்தார். கை கழுவிவிட்டு அம்மைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நானும் இத்தனை நாள் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் அம்மை. "அந்த அமைதி எனக்கும் பிடிச்சிருந்தது."

"நான் எதையும் பறிக்கலையே அம்மா. ஊத்து அவங்களுக்கும் இருக்கு. முன்னைவிடச் சுத்தமா இருக்கு."

"ஆமா."

"ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை."

"ஆமா. நாரைக்கூட நீங்களேதான் பிரிச்சுக் கொடுத்தீங்க."

அரங்கநாயகம் எழுந்து போனார். பலகையைக் கழற்றினார். கடப்பாரை கொண்டு கதவைப் பேர்த்தெடுத்துப் பாறையில் சாய்த்து வைத்தார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது அவர் மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

"சாயங்காலம் அவங்க குடிசைக்குப் போறேன் அம்மா. மணியில இருக்குற நாரை எடுத்துரலாம், இனிமே எந்நேரமும் ஊத்துக்கு வரலாம், எவ்வளவு சத்தம் வேணும்னாலும் போடலாம்னு சடச்சிகிட்ட நானே சொல்லிடறேன்."

"போய்ச் சொல்லுங்க," என்றார் நாச்சியம்மை. "அவங்க ஊத்துக்கு அவங்க வரலாம்னு இப்பவும் நீங்கதான் சொல்ல வேண்டியிருக்கு, பாத்தீங்களா?"