எண் சொல்லாத நீலம்

"எவனோ இந்தப் படத்துல பொய்யைக் கலந்திருக்கான் டீச்சர். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

படத்துக்குள்ளேயே நடக்கவைக்கும், முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியைக் கழற்றாமலே கத்தினார் ரத்தினசபாபதி.

மலையைக் குடைகிறவர்களுக்கு உள்ளே மூச்சு அனுப்பும் ராட்சதக் காற்றாடி செய்கிறவர் அவர். படிப்பு லேத் பட்டறையோடு சரி. காற்றைப் படிக்க வேண்டும் என்று, தன்னைவிட இளைய சலோமி டீச்சரின் ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பொய், அண்ணா?"

"இறக்கை ரெண்டு தடவை விரிசல் வுட்டுடுச்சுங்க. ரெண்டும் ஒரே இடம், அடிப்பக்கம். அங்கதான் காத்து தூங்குதுன்னு உங்க படம் சொல்லுது. அடுத்த காத்தாடி லாரி ஏறப் போகுது. மலைக்குள்ள ஆளுங்க இருப்பாங்க."

"காத்து தூங்குற இடத்துக்குப் போங்க."

போனார்.

பெட்டிக்குள் காற்றாடி ஒரு கோபுரம்போல நின்றது. சோதனையில் அளந்த காற்றெல்லாம் நிறமாகி ஓடியது. ஆரஞ்சு இழைகள் அவர் மார்பைத் துளைத்துப் போயின. வலிக்கவில்லை. பச்சை இழைகள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டன.

இழை முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒருமுறை கம்பி நீட்டி அளந்த இடம். விரலால் தொட்டால் தன் எண்ணைச் சொல்லும். தொட்டுக்கொண்டே நடந்தார். தூறல்போல எண்கள் விழுந்தன.

பிறகு நீலம்.

இறக்கையின் அடியில், விடியற்காலைக் குளம்போல. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வந்து உட்காரும் இடம்.

"வந்துட்டேனுங்க. இங்க மட்டும் என் கோபம் அடங்குது."

"ஒரு புள்ளியைத் தொடுங்க."

கையை நீட்டினார். நீலம் விரலிடுக்கில் வழிந்தது. எண் வரவில்லை. தள்ளித் தொட்டார். மண்டியிட்டுத் துழாவினார்.

"பேச மாட்டேங்குது."

"அங்க புள்ளியே இல்லை."

"அப்புறம் இந்த நீலம்?"

"சுத்தியிருக்கற எண்களைப் பார்த்து கம்ப்யூட்டர் பூசினது."

"அங்க நீங்க அளக்கவே இல்லீங்களா?"

"அளந்தோம். காத்து அடிச்ச அடியில கம்பி நிக்காம உதறுச்சு. உதறலோட வந்த எண்களையெல்லாம் ஒதுக்கிட்டோம்."



"சரி, ஒதுக்கினீங்க. ஓட்டையாவே வுட்டிருந்தா நான் அப்பவே முழிச்சிருப்பேன். பூசச் சொன்னது எவன்?"

 டீச்சர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

நீலம் கரைந்தது.

அந்த இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை. ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. இழைகள் ஒவ்வொன்றாக அதன் விளிம்புவரை வந்து காணாமல் போயின.

அதை அவர் பார்த்திருக்கிறார். வந்த முதல் நாள். பிறகு மறந்தேவிட்டார். அன்றைக்கு இதே அறையில் ஒரு குரலும் கேட்டது.

'கிழிஞ்ச துணியை எவனாவது வாங்குவானா? முழுசா குடுங்க. இல்லீன்னா நான் வேற லேபுக்குப் போறேன்.'

டீச்சர் வேண்டாம் என்றார். குரல் விடவில்லை. சாயங்காலம்வரை மல்லுக்கட்டி, படத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் சீட்டியடித்தபடி படியிறங்கியது.

 

"ஆள் தெரிஞ்சுதா அண்ணா?"

 பெட்டி இன்னும் முகத்தில்தான் இருந்தது.

"தெரிஞ்சுதுங்க. இந்தப் பெட்டியை மாட்டியிருக்கானே, பேரம் பேசியே பொழைச்ச பய, அவன்தான். லாரியை நிறுத்தச் சொல்லுங்க. அந்தாளே பட்டறையில கம்பிக்கு ஒரு தாங்கி அடிச்சு, அதை அசையாம நிறுத்தி, காத்தோட உதறலையும் சேர்த்து அளந்து குடுக்கட்டும். அதுவரைக்கும் அவனை வாசல் தாண்ட வுடாதீங்க டீச்சர்."