சகலைகள் சட்டப்படி கட்டிய வீடு

புன்னவாக்கத்தில் மூன்று சகலைகள் இருந்தார்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவன் தணிகாசலம், நடுவில் வரதன், கடைசி எத்திராஜ். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று ஊரார் கணக்கு வைத்திருந்தார்கள். அது அன்றன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில் மட்டும் ஊருக்குள் அபிப்பிராய பேதம் உண்டு.

கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சூது வாது தெரியாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வார்கள். அதுதான் தொல்லையே.

மூன்று குடும்பமும் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தது. தணிகாசலத்தின் மனைவி கன்னியம்மா ஒருநாள் காலண்டர் மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அடித்தாள். வீட்டுக்காரர் தெருவே கூடும்படி கத்தினார். கன்னியம்மா ஆணியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். தங்கைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஏறும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"சொந்தமா வீடு கட்டிட்டு ஆள் அனுப்புங்க. அதுக்கு முன்னாடி யாரும் வந்து நிக்க வேணாம்."

தணிகாசலத்துக்கு அதன்பிறகு எதுவும் ஓடவில்லை. கன்னியம்மா திட்டினால்தான் அவனுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். இப்போது எழுப்ப ஆளில்லாமல் எழுந்து, எத்திராஜ் வைக்கும் ரசத்தைக் குடித்துக்கொண்டு காலம் தள்ளினான். அந்த ரசத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் இருப்பதே நல்லது. அவள் திரும்பி வரவேண்டும், அதற்கு ஒரு வீடு வேண்டும். அவன் தலையில் இருந்தது அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே மார்க்கபந்து என்பவரின் மனை விலைக்கு வந்தது. நல்ல விசாலமான மனை. இருந்த சேமிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதும் பிச்சாண்டியிடம் போனார்கள். நிலம் வாங்குவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. அவருக்குச் சொந்தமாக நிலமும் கிடையாது.

"எதைச் செஞ்சாலும் சட்டப்படி செய்யுங்க" என்றார் பிச்சாண்டி. "கேட்டதைக் குடுங்க, சொன்னதைச் செய்யுங்க. குறைச்சல் வச்சாத்தான் வம்பு. கூடப் போச்சுன்னா எவனும் கேக்க மாட்டான்."

மூன்று பேரும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வில்லங்கச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டார்கள். அந்த மனை மீது கடன், அடமானம், வழக்கு ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பணம் கட்டிக் காத்திருந்து வாங்கினால், வில்லங்கம் ஏதுமில்லை என்று ஒரே வரிதான் இருந்தது. இவர்களுக்கு முன்னால் நின்ற ஆளுக்கோ கத்தையாகக் கொடுத்திருந்தார்கள்.

வெளியே வந்து மூவரும் ஆலோசித்தார்கள். அதே பணம்தானே நாமும் கட்டினோம், அவருக்கு மட்டும் அவ்வளவு வில்லங்கம், நமக்கு ஒன்றுகூட இல்லையா என்று வரதன் மனம் வெதும்பினான். பெரிய மனிதருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்றான் எத்திராஜ். தணிகாசலம் மூத்தவன் என்பதால் உள்ளே போய் எழுத்தரிடம் பணிவாகக் கேட்டான். நிறைய வேண்டாம், வந்ததற்கு ஒன்றே ஒன்று இருந்தால்கூடப் போதும் என்றான்.

எழுத்தர் அந்த வேலையில் தலை நரைத்தவர்.

"முதல்ல மனையை வாங்குங்க" என்றார். "அப்புறம் அது தானா வரும்."

நம்பிக்கையோடு திரும்பினார்கள்.

அடுத்தது பத்திரிகை விளம்பரம். இந்த மனையை இன்னின்னார் வாங்கப் போகிறார்கள், ஆட்சேபனை இருப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவேண்டியது என்று பிச்சாண்டி பேப்பரில் போட்டுக் கொடுத்தார். கெடு முடியப்போகும் சமயம் வந்தது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். வரதனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"தெரிவிக்க வேண்டியதுன்னு சட்டத்துல போட்டிருக்கு சகல" என்றான். "தெரிவிக்கலைன்னா என்ன அர்த்தம்? ஒரு படி தாண்டிட்டோம்னு அர்த்தம்."

"ஊர்ல எவனுக்கும் ஆட்சேபனை இல்லியே" என்றான் தணிகாசலம்.

"இல்லன்னா நாமதான் ஏற்பாடு பண்ணணும்."

இருப்பவர்களில் இளையவன் என்று எத்திராஜிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான். மேற்படி மனையை வாங்க உத்தேசித்துள்ள மூவருக்கும் போதிய விவரம் கிடையாது, ஆகையால் அவர்களுக்கு விற்கக் கூடாது என்பது அவன் ஆட்சேபனை. வாங்கிப் படித்த தணிகாசலத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பாயிண்ட் பலமாக இருந்தது.

அதற்குமேல்தான் வினை. எத்திராஜ் தன் ஆட்சேபனையைத் தானே படித்துப் படித்து அதில் ஊறிப்போய்விட்டான். வாபஸ் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். மூவருக்கும் விவரம் உண்டு என்று நிரூபித்துக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றான். வரதனும் தணிகாசலமும் உண்மையாகவே முயன்று பார்த்தார்கள். முடியவில்லை.

கடைசியில் தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "டேய் எத்திராஜு, என் பொண்டாட்டி மட்டுமா அங்க இருக்கா, உன் பொண்டாட்டியுந்தான்டா இருக்கா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். எத்திராஜ் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்சேபனை நியாயமானதுதான் என்று மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகு வாபஸ் வாங்கினான்.

மனை மூவர் பெயரிலும் பதிவானது. அன்றைக்கே கட்டட அனுமதிக்கு ஓடினார்கள்.

அனுமதி கொடுக்கும் அதிகாரி நல்ல மனிதர். விதிகளைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முன்னால் போகும் பாதை குறுகல், ஆகவே ரோட்டுக்கென்று ஒரு பட்டையை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மிச்ச மனையில் உரிமையாளர் முன்பக்கம் இவ்வளவு, பின்பக்கம் இவ்வளவு, இரண்டு பக்கவாட்டிலும் இவ்வளவு என்று காலி இடம் விட்டுத்தான் கட்டவேண்டும். மழைநீர்த் தொட்டி மறக்கக் கூடாது. இவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் வரதன் கேள்வியைப் போட்டான்.

"உரிமையாளர் இடம் விடணும்னு சொன்னாரே, எந்த உரிமையாளர்?"

"நாமதான்" என்றான் தணிகாசலம்.

"நாம மூணு பேரு. ஒருத்தர் விட்டா மத்த ரெண்டு பேரும் விடலைன்னு ஆயிடாதா?"

அப்படி ஒரு சிக்கல் இருப்பது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒருத்தர் பங்கை மூவரும் பகிர்ந்துகொள்ளலாமே என்று எத்திராஜ் சொல்லிப் பார்த்தான். குறைச்சல் வைத்தால்தான் வம்பு என்று பிச்சாண்டி சொன்னதை வரதன் எடுத்துக்காட்டினான். முன்பக்கம் மூவரும் தனித்தனியே விட்டார்கள். பின்பக்கமும் விட்டார்கள். இரண்டு பக்கவாட்டிலும் மூன்று மூன்று பங்கு போனது. ரோட்டுக்கும் மூன்று பட்டை எழுதி வைத்தார்கள். ரோடு இவர்கள் மனை எதிரில் மட்டும் தேர் ஓடும் அகலத்துக்கு விரிந்து, தாண்டியதும் பழையபடி சுருங்கிக்கொண்டது.

வரைபடத்தைப் பார்த்த அதிகாரி நெகிழ்ந்துபோனார். விட வேண்டிய இடத்தில் வராண்டா இழுப்பவர்களையும் படிக்கட்டு வைப்பவர்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். குறைவாக விட்டால் தடுக்க விதி உண்டு, கூடுதலாக விட்டால் தடுக்க விதி இல்லை என்று சொல்லி, எழுந்து நின்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

கட்டுமான வேலைக்கு வந்த அய்யாக்கண்ணு மேஸ்திரி, நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, இது வீடா அல்லது வீட்டுக்குப் போகிற சந்தா என்று கேட்டார். அனுமதி வாங்கிய வீடு என்றான் தணிகாசலம் பெருமையாக. மேஸ்திரிக்குக் கூலி வந்தால் சரி. கட்டி முடித்தார். நீளத்துக்குக் குறைவில்லை. அகலம்தான், ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். முன்பக்கம் ஒரே கதவு. சுற்றிலும் காலி இடம் கபடி ஆடலாம் போலக் கிடந்தது. அதில் யாரும் கால் வைக்காதபடி சகலைகள் முள்வேலி கட்டினார்கள். வாசலுக்கு வர ஒரு நடைபாதை மட்டும் விட்டார்கள்.

ஆனாலும் வீடு வீடுதானே. சொந்த வீடு. வெள்ளையடித்து மாவிலைத் தோரணம் கட்டியதும் தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினான். மத்தியானப் பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம் என்று கன்னியம்மாவிடமிருந்து பதில் வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு அவன் ஒரு மூலையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

கிரகப்பிரவேசம் காலையில். முதலில் பசு உள்ளே போக வேண்டும் என்பது முறை. பக்கத்திலிருந்த ஏழுமலையின் பசுவை மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டி வந்தார்கள். நல்ல கொழுத்த பசு. வாசலுக்கு உள்ளே மாட்டு நீளம் தள்ளி ஒரு கட்டு அகத்திக்கீரை வைத்திருந்தார்கள். பசு வலது காலை எடுத்து வைத்துக் கம்பீரமாக உள்ளே போனது. கீரையைத் தின்றது. திரும்பப் பார்த்தது. திரும்ப முடியவில்லை. அதனால் அங்கேயே நின்று அசைபோட ஆரம்பித்தது.

வாலைப் பிடித்துப் பின்னாலேயே இழுத்துவிடலாம் என்றார் ஏழுமலை. சகலைகள் மூவரும் பதறிவிட்டார்கள்.

"புது வீட்டுக்கு வந்த மகாலட்சுமி பின்னங்கால் வச்சு வெளிய போனா அந்த வீடு விளங்குமா?" என்று கேட்டான் வரதன்.

"அப்ப பின்னாடிச் சுவரை இடிச்சு ஒரு கதவு வச்சிடலாம். முன்னாடி பாத்தபடியே போயிடும்" என்றான் எத்திராஜ்.

"வரைபடத்துல பின் கதவு இல்லியே. அனுமதி இல்லாத கதவு வழியா மகாலட்சுமி போகலாமா?" என்றான் வரதன்.

போகக் கூடாதுதான். மாடு உள்ளேயே நின்றது. மத்தியானப் பஸ் வந்துகொண்டே இருந்தது. தணிகாசலம் வியர்த்து விறுவிறுத்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிச்சாண்டியிடம் பறந்தான்.

அன்று முகூர்த்த நாள். பிச்சாண்டியைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. தணிகாசலம் தோள்களுக்கு நடுவே தலையை நுழைத்து, புது வீட்டுக்குள் புகுந்தது வெளியே வரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டான். பிச்சாண்டி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து பேனாவை எடுக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை.

"எழுத்து இல்லாம உள்ள விட்டீங்களா? போச்சு. நாளைக்கு வீடே என்னுதுன்னு சொல்லும்" என்றார். "இப்பவே ஓடிப் போய் பதினோரு மாசத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக்குங்க. எழுதிட்டா, ரொம்ப நாளா இருக்கேன், அனுபோகம் கினுபோகம்னு யாரும் வாயைத் திறக்க முடியாது."

"உள்ள இருக்கிறது..." என்று தணிகாசலம் இழுத்தான்.

"உள்ள யார் இருந்தா என்னய்யா? எழுத்து இருக்கா, அதான் கேள்வி."

தணிகாசலம் முத்திரைத் தாளோடு திரும்பினான். மாட்டின் சார்பில் ஏழுமலை கையெழுத்துப் போட்டார். குடியிருக்கப் போவது அவர் இல்லையே என்று எத்திராஜ் மடக்கினான். குடியிருப்பவர் ரேகையும் வேண்டும் என்று முடிவானது. எட்டியது பின்னங்கால் மட்டும்தான். குளம்பில் மை தடவினார்கள். வரதன் தாளை நீட்டினான். மாடு ஓர் உதை விட்டது. ரேகை வரதனின் பட்டு வேட்டியில் தெளிவாக விழுந்தது. தாளில் விழவில்லை. ஆகவே வேட்டியை அவிழ்த்து மடித்து ஒப்பந்தத்தோடு இணைப்பாகத் தைத்தார்கள். வரதன் துண்டைக் கட்டிக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

மத்தியானப் பஸ் வந்தது. கன்னியம்மாவும் தங்கைகளும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். அகன்ற ரோட்டைப் பார்த்துக் கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. முள்வேலியைப் பார்த்தாள். நடுவில் நின்ற வீட்டைப் பார்த்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈ ஓட்டிக்கொண்டிருந்த வால் அவள் முகத்தில் பட்டது.

"என்னய்யா இது?" என்றாள்.

எத்தனையோ நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டதில் தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். வாடகைக்கு விட்டாகிவிட்டது, பதினோரு மாதத்துக்கு முன்னால் காலி செய்யச் சொன்னால் அது கோர்ட்டுக்குப் போகும் என்றும் விளக்கினான். தங்கைகள் இருவரும் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அதுவரைக்கும் நாங்க எங்க இருக்கிறது?" என்று கேட்டாள் கன்னியம்மா.

அதை அவள் கேட்பாள் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. மடியிலிருந்து இன்னொரு முத்திரைத் தாளை எடுத்து நீட்டினான்.

"அந்தக் கவலை உனக்கு எதுக்கு கன்னிமா? ஏழுமலை வீட்டு மாட்டுத் தொழுவம் இன்னையிலிருந்து காலிதானே, அதை நமக்கு வாடகைக்குப் பேசி முடிச்சுட்டேன். நல்ல அகலம். உள்ள போனா திரும்பியும் வரலாம்."