விவரம்பட்டிக்கு வாழ வந்த லேப்டாப்

திருநெல்வேலிக்குத் தெற்கே, பஸ் நிற்காத ஸ்டாப்பில் குதித்து இறங்கத் தெரிந்தவர்களுக்கு விவரம்பட்டி என்றொரு ஊர் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள். "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுலே" என்று ஒரு தகப்பன் பிள்ளையை அதட்டிவிட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளை பட்டினி. அவ்வளவு ஒழுக்கம்.

இந்த ஊரில் பிறந்து, பல்கலைக்கழகம் வரைக்கும் போய், யாரோடும் வாதாடி ஜெயித்துவிடலாம் என்கிற மூடநம்பிக்கையை வளர்த்துக்கொண்டவள் செண்பகவல்லி. ஆடி மாசம் முடிவதற்குள் அவள் தன் முதுகலை ஆய்வேட்டை டைப் அடித்துக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால் படித்தது போதும், கழுத்தை நீட்டு என்று அப்பா கொம்பையா சொல்லிவிட்டார். ஆய்வுத் தலைப்பு, 'கிராமத்து மக்கள் ஒரு பொருளை வாங்க முடிவெடுக்கும் முறைகள்'. கள ஆய்வுக்கு அவள் வீட்டு நடையைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனி மாசம் ஒரு நாள் பேச்சு வந்தது.

"நாளைக்கு உரம் வாங்க டவுனுக்குப் போறேன். அப்படியே ஒரு கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வந்துருதேன்," என்றார் அப்பா.

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. "கண்டதைத் தூக்கிட்டு வந்தா மூணே மாசத்துல மூச்சை விட்டுரும்பா! அஞ்சாறு வருசம் கூடவே இருக்கப் போறது. வீட்டுக்கு மருமகள் எடுக்கிற மாதிரி நாலு இடம் விசாரிச்சு எடுக்கணும்."

வாதம் ஜெயித்தது. அவளுடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

பெரியப்பா ஆவுடையப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். "பிள்ள சொல்லுதது நியாயம். கொம்பையா, முதல்ல அது எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்டியாலே?"

"அது எங்க கேட்டேன்," என்று தலையைச் சொறிந்தார் அப்பா.

"பாத்தியா! இப்படித்தான் குடும்பம் கெடுதது."

இதே பெரியப்பா தன் மகள் கோமதிக்கு மாப்பிள்ளையை முடிவு செய்தது ஒரு டீ ஆறுவதற்குள். ஆனால் வந்து இறங்கப்போவது கம்ப்யூட்டர். அதற்கு நிதானம் வேண்டும் என்பதில் குடும்பமே ஒரு மனதாக இருந்தது.

நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மல்லிகைப்பூவோடு திருநெல்வேலிக் கடைக்குப் போனார்கள். பெரியப்பா, அப்பா, அப்பாவின் தங்கை வெயிலாச்சி அத்தை, கடைசியில் தலையைக் குனிந்தபடி செண்பகவல்லி. கடைக்காரர் சாலமோன் நல்ல மனிதர். தட்டைப் பார்த்ததும் கோயில் நன்கொடை என்று நினைத்து மேஜை டிராயரைத் திறந்தார்.

"தம்பி, பொண்ணைக் கூப்பிடுங்க," என்றார் பெரியப்பா.

செண்பகவல்லி குறுக்கே விழுந்து, "லேப்டாப் காட்டுங்கண்ணே" என்று மொழிபெயர்த்தாள்.

சாலமோன் புத்தம் புதுசு ஒன்றை மேஜையில் வைத்துத் திறந்தார். பளபளவென்று இருந்தது. அத்தை அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாட்டு வருமா?"

சாலமோன் ஒரு பாட்டைப் போட்டார். மூன்று பேரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"குரல் பரவாயில்ல. சமையல்?"

"சமையல் வீடியோ எல்லாம் காட்டும்மா."

"சொல்லிக் காட்டுவா, செய்ய மாட்டா. படிச்சதுக எல்லாம் இப்படித்தான்," என்ற அத்தை, எதற்கும் இருக்கட்டும் என்று செண்பகவல்லியை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்பா விலையைக் கேட்டார். சாலமோன் சொன்னார். பெரியப்பா கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துவிட்டு, "பொண்ணு நிறம் ரொம்ப ஜாஸ்தி. நம்ம ஊரு வெயிலுக்கு ஒத்து வராது" என்று முடித்தார்.

செண்பகவல்லி இதற்குத்தான் காத்திருந்தாள். "ரீஃபர்பிஷ்டு இருக்காண்ணே?" என்று கேட்டு, பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "ஒரு கம்பெனியில கொஞ்ச காலம் ஓடினது. அதைத் திருப்பி வாங்கி, பிரிச்சுச் சோதிச்சு, தேஞ்ச பாகத்தை மாத்தி, வாரண்டியோட தருவாங்க. புதுசுல பாதி விலை. நல்லா உழைக்கும்."

அத்தை மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"ஏட்டி... ஏற்கெனவே ஒரு வீட்டுல வாழ்ந்துட்டு வந்ததா?"

"ஏன் திருப்பி விட்டாங்க? வாய் ஜாஸ்தியா?" இது அப்பா.

"இல்ல அண்ணாச்சி, கம்பெனியில எல்லாத்துக்கும் புது மாடல் எடுத்துட்டாங்க," என்றார் சாலமோன்.

செண்பகவல்லிக்குக் காது சிவந்துவிட்டது. "கேட்டீங்களா? அவன் புதுசு தேடிப் போயிருக்கான், இது என்ன தப்புப் பண்ணுச்சு? ஆம்பளை ரெண்டாவது கட்டினா மேளம் வைக்கீங்க. இது ரெண்டாவது வீட்டுக்கு வந்தா மட்டும் மூக்குல விரலா?"

மறுபடியும் வாதம் ஜெயித்தது. பெரியப்பா, "சரி, மறுவாழ்வு கொடுப்போம்" என்று பெருந்தன்மையோடு நாற்காலியில் சாய்ந்தார். ஆனாலும் விசாரணை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"தம்பி, பழைய வீட்டு நினைப்பு ஏதும் இருக்குமா?"

"சுத்தமா இருக்காது அண்ணாச்சி. பழைய டிஸ்கையே கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாச்சு. வேகமும் ஜாஸ்தி. மெமரியையும் ரெண்டு மடங்கு ஆக்கியிருக்கோம்."

அப்பா பதறினார். "ஐயையோ! எல்லாத்தையும் மறந்த பிள்ளைக்கு எதுக்கு ஞாபகசக்தியைக் கூட்டுதீங்க? பழசு திரும்ப வந்துறாதா?"

"வரட்டுமே," என்றார் பெரியப்பா. "அவன் எப்படிப்பட்டவன்னு ஞாபகம் இருந்தாத்தான் நம்ம அருமை தெரியும்."

இந்த ஆழமான விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, செண்பகவல்லி ஓரமாக உட்கார்ந்து கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா, திரையில் கரும்புள்ளி உண்டா, சார்ஜரைக் கழற்றினால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்து முடித்துவிட்டாள். அவள் பார்த்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் சின்னப் பெண்களுக்கு என்ன தெரியும்?

"ஒரு வருசத்துக்குள்ள எது வந்தாலும் இங்க கொண்டு வாங்க. நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார் சாலமோன்.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. "பெத்தவங்கன்னா இப்படி இருக்கணும். நம்ம கோமதி மறுவீட்டுக்கு வந்து அழுதப்போ, 'செத்தாலும் அங்கேயே சாவு'ன்னுல்லா அண்ணன் சொன்னீங்க."

"அது பொண்ணு. அதுக்கு ஏது வாரண்டி?" என்றார் பெரியப்பா.

கடைசியில் பணம். சாலமோன் பில்லை நீட்டினார். அப்பா அதை வாங்காமல் சிரித்தார்.

"தம்பி மறந்துட்டீங்க போல. நாங்க மாப்பிள்ளை வீடு. நீங்கதான் எங்களுக்குத் தரணும்."

சாலமோன் பில்லைத் தன் பக்கம் திருப்பி, யார் யாருக்குத் தர வேண்டும் என்று மறுபடி படித்தார். செண்பகவல்லி எழுந்து நின்றாள். வரதட்சணை வாங்கினால் ஜெயில் என்றாள். யாரும் அசையவில்லை. பிறகு, "நம்ம தாத்தா காலத்துல பரிசம் கொடுத்துத்தான் பொண்ணு எடுத்தாங்க. நம்ம பரம்பரையே அதுதான்" என்றாள். பரம்பரை என்றதும் அப்பாவின் கை தானாக மடியை அவிழ்த்தது. சாலமோன் தன் பங்குக்கு ஒரு பையும் ஒரு மவுஸும் வைத்துக் கொடுத்தார். "சீர் குறைவுதான்" என்று அத்தை முணுமுணுத்ததை எல்லோரும் பெரிய மனதோடு கேட்காத மாதிரி இருந்தார்கள்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தாயிற்று. வலது காலை எடுத்து வைத்து வா என்றால் லேப்டாப்புக்கு எது வலது? நமக்கு வலதா, நம்மைப் பார்த்து இருக்கிற அதற்கு வலதா என்று சாயங்காலம் வரை பேசி, குழப்பம் வேண்டாம் என்று தலைகீழாக உள்ளே கொண்டுபோனார்கள்.

"வந்த அன்னைக்கே வேலை வாங்காத, ஊரு என்ன பேசும்?" என்று அத்தை அதட்டியதில் ஒரு வாரம் போயிற்று. ஒருவழியாகச் செண்பகவல்லி முதல் அத்தியாயத்தை முடித்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

"ஆடி பிறந்தாச்சு. புதுப் பொண்ணு புகுந்த வீட்டுல இருக்கப்படாது. கடையில கொண்டு விட்டுட்டு வாறோம்," என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, எனக்கு இந்த மாசம் முடியறதுக்குள்ள கொடுக்கணும்! அது மிஷின்!"

"மருமகள் மாதிரின்னு சொன்னது யாரு?"

பல்கலைக்கழகத்தில் பட்டிமன்றக் கோப்பை வாங்கியவள் அவள். அப்பா லேப்டாப்பின் மேல் பூ வைத்து, முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கார் கிளம்பப் போகையில் தொண்டையைச் செருமினாள்.

"புதுப் பொண்ணைத் துணையில்லாமலா அனுப்புவீங்க? நான் தினமும் போய்க் கூட இருந்துட்டு வாறேன்."

"அது முறைதான்," என்றாள் அத்தை.

அப்படியாக ஆடி மாசம் முழுக்கச் செண்பகவல்லி காலை பஸ்ஸில் தொற்றி, சாலமோன் கடை மூலையில் பிரிண்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டைப் அடித்தாள். லேப்டாப் ஒரு நாள்கூடத் தொங்கவில்லை. சாலமோன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானாம்மா?"

"இல்லண்ணே. ஊர்லயே இவங்கதான் கொஞ்சம் விவரமானவங்க. அதான் எல்லாரும் எங்க வீட்டுக்கு யோசனை கேட்டு வருவாங்க."

கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஆய்வேடு முடிந்தது. கடையிலேயே பிரிண்ட் எடுத்தாள். வெளியே ஆடிச் சாரல். தாள் நனையாமல் பூத்துவாலையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அத்தை வாசலில் மறித்தாள். "கையில என்னடி? எங்கேருந்து வருது?"

"லேப்டாப்புல இருந்துதான் வருது. வேற எங்கேருந்து வரும்?" ஒரு மாசக் களைப்பு அவளுக்கு.

அத்தை போட்ட குலவையில் அடுத்த தெரு நாய்கள் ஊளையிட்டன. "அண்ணே, ஓடி வாங்க! தாய்வீட்டுக்குப் போனவ பிள்ளை பெத்துட்டா!"

அப்பா மட்டும் யோசித்தார். "ஒரு மாசத்துலயா?"

"வேகம் ஜாஸ்தின்னு அந்தத் தம்பி அன்னைக்கே சொன்னாருல்லா," என்றார் பெரியப்பா. ஆய்வேட்டை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம். தாயைப் போலவே சதுர முகம்."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் உத்தரத்தில் தொட்டில் ஏறிவிட்டது. ஆய்வேடு அதற்குள் போய்விட்டது. பதினாறு நாள் தீட்டு கழியாமல் பச்சைப் பிள்ளையை நடையைத் தாண்டி எடுக்கக் கூடாது என்று அத்தை குறுக்கே பாய் விரித்துப் படுத்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் நாளை மாலை ஐந்து மணியோடு கதவு சாத்திவிடுவார்கள்.

தாள் வேறு, பிள்ளை வேறு என்று வாதாட வாயெடுத்த செண்பகவல்லி, அத்தையின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினாள்.

"சரி அத்தை, கொண்டு போகலை. ஆனா பிறப்பைப் பதியலைன்னா சர்ட்டிபிகேட் தர மாட்டாங்க. அப்புறம் ரேஷன் கார்டுல பிள்ளை பேர் ஏறாது. லேப்டாப் பிள்ளைகளுக்கு எல்லாம் பல்கலைக்கழகத்துலதான் பதிவு. நாளைக்குக் கடைசி."

ரேஷன் கார்டு என்றதும் அத்தை பாயைச் சுருட்டினாள்.

மறுநாள் குடும்பமே கிளம்பியது. தாய்வீட்டுச் சார்பில் சாலமோனுக்கும் தகவல் போயிருந்தது. பாதி நாள் கடையைச் சாத்திவிட்டு அவரும் வந்தார். இது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிற ஆசை அவருக்கு.

பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் அம்மா, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆய்வேட்டை வாங்கினார். புரட்டினார். முதல் பக்கத்தில் தேதியோடு சீல் 'பொத்'தென்று விழுந்தது. செண்பகவல்லியின் பட்டமும் கழுத்தும் தப்பின.

"ஓரத்துல ரெண்டு ஓட்டை போட்டு நாடா கட்டினா முடிஞ்சுது," என்ற அந்த அம்மா பஞ்சிங் மிஷினை எடுத்தார்.

"நிறுத்துங்க!"

அலுவலகமே திரும்பியது. பெரியப்பா எழுந்து கையை நீட்டி மறித்தார். "தாய்மாமன் மடியில வைக்காம காது குத்துவீங்களா? நீங்களும் நாலு பிள்ளை பெத்தவங்கதான?"

கிளார்க் அம்மா செண்பகவல்லியைப் பார்த்தார். செண்பகவல்லி சாலமோனைப் பார்த்தாள்.

"அண்ணே... கொஞ்சம் உக்காந்துருங்க."

லேப்டாப்பின் தாய்வீடு அவர் கடை; தாய்மாமன் முறையும் அவர்தானே. சாலமோன் பேண்டைச் சற்றுத் தூக்கிவிட்டு, அலுவலகத் தரையில் கிழக்குப் பார்த்துச் சம்மணம் போட்டார். அவர் மடியில் ஆய்வேட்டை வைத்தார்கள். கிளார்க் அம்மா பஞ்சிங் மிஷினோடு நாற்காலியை விட்டு இறங்கி, எதிரே முட்டி போட்டார். கடக். கடக். அத்தை குலவையிட்டாள். பச்சை நாடா கம்மலாக ஏறியது. பக்கத்து மேஜைக்காரர் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று பார்த்தார்.

கிளார்க் அம்மா எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, "மீதி மூணு பிரதி எங்கம்மா?" என்றார்.

செண்பகவல்லி காலையில் சாலமோன் கடையில் பிரிண்ட் எடுத்துவந்து கொடுத்திருந்த மூன்று கட்டுகளையும் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அத்தை மயங்கிச் சாய்ந்தாள். அப்பா அவளைத் தாங்கிப் பிடித்தார். எழுந்திருக்கப் போன சாலமோனின் தோளைப் பெரியப்பா மெதுவாக அழுத்தினார்.

"தம்பி, எந்திரிக்காதீங்க."