விரிந்த கேக்

பாளையங்கோட்டையில் தங்கபுஷ்பம் டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள் ஒரு விஷயத்தை மறக்க மாட்டார்கள். விடை தப்பென்றால் டீச்சர் வழிமுறையைப் பார்க்கவே மாட்டார். குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு முட்டை. ஸ்டெப் மார்க் என்று முனகியவனுக்குக் கை முட்டியில் ஒரு அடியும் சேர்த்துக் கிடைக்கும்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிவப்புக் கோடு கடைகள் பக்கம் திரும்பியது.

ஊரில் புதிதாக எந்தக் கஃபே திறந்தாலும், எந்த ஹோட்டலில் கேக் போட ஆரம்பித்தாலும், முதல் வாரமே டீச்சர் போய் உட்கார்ந்துவிடுவார். ஆசையாகத்தான் போவார், அதில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வாய் வைத்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"இதுக்குப் பேரு கேக்கா? சோப்புக் கட்டி மேல கிரீம் தடவி வச்சிருக்கியளா?"

கேட்டுவிட்டு எழுந்து வந்தாலும் பரவாயில்லை. அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்து, அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, கீழே நாலு வரி எழுதிவிட்டுத்தான் கிளம்புவார். அந்த நாலு வரியில் கடைக்காரனின் ஏழு தலைமுறையும் வந்து போகும்.

டீச்சருக்கு ஒரு குரு இருந்தாள். டீச்சரின் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். மேலப்பாளையத்து ஆபிதா. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திவிட்டு, போதும் என்று வாப்பாவின் பேக்கரி அடுப்புக்கே திரும்பி வந்தவள். பேக்கரியில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்பார்கள். டீச்சரும் அப்படியே கூப்பிட்டார். அவள் இவரை டீச்சர் என்றாள். யாருக்கு யார் குரு என்று வெளியாள் குழம்பித்தான் போவான்.

மாவு சலிக்கவும் வெண்ணெய் குழைக்கவும் ஆபிதாவிடம் கற்றுக்கொண்டு, டீச்சர் தன் வீட்டிலேயே ஓவன் வாங்கி வைத்துக் கேக் செய்ய ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் ஆபிதா ஸ்கூட்டரில் வந்து பார்ப்பாள். பார்ப்பதற்கு ஒன்றுதான் இருக்கும். கேக் நடுவில் வெடித்து விரிந்து கிடக்கும்.

"மேல் சூட்டைக் கொஞ்சம் குறைங்கன்னு சொன்னேனே டீச்சர்."

"என் ஓவன்ல ஒரு குறையும் கிடையாது. நீங்க சொல்லித் தந்ததுலதான் என்னமோ இடிக்குது."

"சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"விரிஞ்சு கிடக்கு, தெரியலையா மாஸ்டர்? தப்பான கணக்கை எதுக்கு வாசிக்கணும்?"

டீச்சரின் கணவர் ஞானதுரை நல்ல மனிதர். ஒருநாள் மெதுவாக, "ஒரு துண்டு எனக்குத் தாயேன் புஷ்பம்" என்று கேட்டுப் பார்த்தார். இன்னொரு நாள், "மேல கிரீம் போட்டு மூடிரலாமே" என்றார்.

"அதுக்குப் பேரு காப்பி அடிக்கது" என்று டீச்சர் சீறினார். மனிதர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

விரிந்த கேக்கைத் தெருக் குப்பைத் தொட்டியில் போட டீச்சருக்கு மனம் வராது. எதிர்வீட்டு எமிலி பார்த்துவிட்டால் மானம் போய்விடும். அதனால் அப்படியே பேப்பரில் சுற்றி ஆபிதாவின் கையில் திணித்துவிடுவார்.

"எங்கயாவது கொண்டு போடுங்க மாஸ்டர். இது என் கண்ணுலயே படக் கூடாது."

ஆபிதா வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போவாள்.

இப்படி இருக்கையில் மகள் ஜெமிமாவுக்கு நிச்சயதார்த்தம் குறித்தார்கள். மாப்பிள்ளை வீடு நாகர்கோவில். பேச்சுவாக்கில் சம்பந்தியம்மாள், "எங்க ஊருல நல்ல கேக்கு கிடைக்கும், நாங்களே கொண்டு வந்துருதோம்" என்றார். டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது.

"என் மகளுக்குக் கேக்கு என் கையாலதான்" என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டார்.

சொன்ன சொல்லுக்காகக் கேக் விரிவதை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை செய்தது விரிந்தது. வழக்கம்போல் ஆபிதா கொண்டுபோனாள். சனிக்கிழமை விடிந்ததும் எழுந்து இன்னொன்று செய்தார். அதுவும் நடுவில் வாயைப் பிளந்தது. டீச்சர் அதை மேசையில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தார். ஜெமிமா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, கடையில சொல்லிருவோம்மா. அவுக முன்னால நாம அசிங்கப்பட வேண்டாம்."

மகள் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் கோபத்தை விழுங்கிக்கொண்டு கைப்பையை எடுத்துக் கிளம்பினார்.

முதலில் போனது கண்ணாடிச் சுவர் போட்ட புதுக் கஃபே. கல்லாவில் இருந்த பெண் டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். மரியாதைக்கு அல்ல.

"நீங்கதானே சோப்புக் கட்டின்னு எழுதுனது?"

"ஆமா. திங்கக்கிழமைக்கு ஒரு கேக்கு வேணும்."

"எங்க கேக் மாஸ்டர் அதைப் படிச்சுட்டு அன்னைக்கு அடுப்படியில நின்னு அழுதாரு. ரெண்டு நாளு வேலைக்கு வரலை. சோப்புக் கட்டியை எதுக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு வைக்கணும்? வேற கடை பாருங்க."

வேறு கடை பார்த்தார். மார்க்கெட் பக்கத்து பேக்கரி முதலாளி டீச்சரிடமே படித்தவன். கும்பிட்டான். உட்காரச் சொன்னான். கேக் என்றதும் கையை விரித்தான்.

"படிக்கும்போதும் முட்டை போட்டிய. கடை வச்ச பொறவும் முட்டை போட்டிய. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு எங்க அம்மா சொல்லுவா. நீங்கதான் வீட்டுலயே செய்யுதிய போலியே. செய்ங்க டீச்சர், நாங்களும் வந்து தின்னு பாக்கோம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உச்சந்தலை வரைக்கும். அடுத்த ஹோட்டலில் மேனேஜர் வெளியே வரவே இல்லை. ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டான். உள்ளே அவன் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஸ்டாப் அருகே தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. டீச்சர் இதுவரை ஏறிட்டுக்கூடப் பார்க்காத கடை. தலைவலி தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். கடைக்காரர் பேச்சிமுத்து டீயோடு ஒரு துண்டு கேக்கையும் பேப்பர்க் கிழிசலில் வைத்து நீட்டினார்.

"நான் இதைக் கேக்கலியே."

"ஒண்ணுதாம்மா மிச்சம். தின்னு பாருங்க."

மேல் தோலைச் சீவி, நாலு பக்கமும் சதுரமாக வெட்டின துண்டு. ஏசுவதற்கு வசதியாகத்தான் டீச்சர் அதை வாயில் வைத்தார்.

ஏச முடியவில்லை.

இரண்டாவது வாயில் குறை தேடினார். வெண்ணெய் சரி. இனிப்பு சரி. ஏலக்காய் எங்கேயோ பின்னால் நின்று வாசம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவது வாயில் துண்டு தீர்ந்துவிட்டது. பேப்பரில் ஒட்டியிருந்த துகளையும் விரலால் ஒற்றி எடுத்தார். எடுத்த விரலைப் பார்த்ததும் அவருக்கே ஆத்திரம் வந்தது.

"யாருய்யா செஞ்சது இது?"

"மேலப்பாளையத்துல இருந்து ஒரு மாஸ்டரம்மா கொண்டாந்து தருவாவ. ஆபிதான்னு பேரு. வெள்ளிக்கிழமை ராத்திரி வரும், மறுநாள் மத்தியானத்துக்குள்ள காலியாயிரும். இதுக்குன்னே ஆளு வருது."

டீச்சர் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார். அதே வெண்ணெய், அதே ஏலக்காய், தான் வாராவாரம் செய்கிற அதே செய்முறை. ஆனால் இது மட்டும் இப்படி வந்திருக்கிறது. எதையோ ஒன்றை மறைத்துவிட்டாள். கையில் செய்யும் வித்தை ஒன்று இருக்கிறது. அதைத் தகரக் கடைக்குக் கொடுத்துவிட்டு எனக்குச் சக்கையைக் கொடுத்திருக்கிறாள். என் மகள் நாகர்கோவில்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கப் போவது இவளால்தான்.

அங்கேயே நின்று போன் போட்டார். "உடனே என் வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் வீடு வந்து சேரும்போது ஆபிதா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் செய்த கேக் மேசைமேல் விரிந்தபடி கிடந்தது. டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னையோட முடிஞ்சுது மாஸ்டர். இனிமே நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

"என்ன ஆச்சு டீச்சர்?"

"என்ன ஆச்சா? எனக்குச் சொல்லித் தாரது ஒண்ணு, பஸ் ஸ்டாப் டீக்கடைக்குச் செஞ்சு குடுக்கது ஒண்ணு. நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்? வயசுல சின்னவளாச்சேன்னு பாக்காம மாஸ்டர், மாஸ்டர்னு பின்னாலேயே வந்தேனே!"

"டீக்கடைக் கேக்கைத் தின்னீங்களா?"

"தின்னேன்."

"நல்லாருந்துச்சா?"

"அதை என் வாயால வேற சொல்ல வைக்கணுமா? நல்லாருந்துச்சு! படிக்க வந்தப்ப உங்க பேக்கரியில எனக்கு வெட்டித் தந்தீங்களே, அதைவிட நல்லாருந்துச்சு. இந்த ஊருல நான் தின்ன எல்லாத்தைவிடவும் நல்லாருந்துச்சு. போதுமா?"

ஆபிதாவின் முகம் சிவந்தது.

"ஆமா. என்னுதைவிட நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப அதைச் செஞ்சது யாரு? அந்த ஆளைக் காட்டுங்க. கால்ல விழுந்தாவது திங்கக்கிழமைக்கு ஒண்ணு வாங்கிக்கிடுதேன். என் மகளுக்காக விழுதேன்."

ஆபிதா கத்தியை எடுத்தாள். மேசைமேல் இருந்த கேக்கின் விரிந்த மேல் பக்கத்தைச் சீவி ஒதுக்கினாள். நாலு பக்கமும் சதுரமாக அரிந்தாள். ஞானதுரையின் பேப்பரில் ஒரு கிழிசல் கிழித்து, அதில் ஒரு துண்டை வைத்து டீச்சருக்கு முன்னால் தள்ளினாள்.

டீச்சர் துண்டைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். ஒதுங்கிக் கிடந்த விரிசலைப் பார்த்தார்.

"இது..."

"இது காலைல நீங்க செஞ்சது. நேத்து என் கையில குடுத்தது டீக்கடையில இருந்துச்சு."

"என்னைக் கேக்காமயா?"

"எங்கயாவது கொண்டு போடுங்கன்னு சொன்னீங்க. திங்கிறவங்க முன்னால போட்டேன்."

அடுப்படி வாசலுக்குப் பேப்பரைத் தேடி வந்த ஞானதுரை அப்படியே நின்றுவிட்டார். டீச்சருக்குக் கோபம் இன்னும் இருந்தது. போக இடம் தெரியாமல் நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இத்தனை வாரமா என்னை இப்படி வேக விட்டுட்டீங்களே மாஸ்டர்! இன்னைக்கு ஊருல ஒவ்வொரு கடைப் படியா ஏறி, எல்லார் வாயிலயும் விழுந்து..."

"வாராவாரம் கேட்டேன்ல?" ஆபிதா குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "வந்து நின்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன்ல, சாப்பிட்டுப் பாத்தீங்களான்னு? நான் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? எனக்கும் சேத்துல்லா ஒரு நட்சத்திரம் போட்டிருப்பீங்க!"

டீச்சர் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சீவிப் போட்ட பிறகும் அது விரிந்துதான் கிடந்தது.

"விரிஞ்சிருக்கே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இதை எப்படி சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால வைக்க?"

ஆபிதா கத்தியைத் துடைத்து வைத்தாள். பிறகு சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து டீச்சருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"மொதல்ல உக்காந்து இதைச் சாப்பிட்டுப் பாருங்க டீச்சர். ஊருல நீங்க இன்னும் போகாத கடை இந்த அடுப்படி ஒண்ணுதான்."