ஸ்டெல்லா தண்ணீர் குடித்த இரண்டு நாள்

தூத்துக்குடி லிடியா கோமஸிடம் மரப்படகு வேலை கற்றுக்கொள்ளப் போனபோது சங்கரலிங்கத்துக்கு அறுபத்தோரு வயது. லிடியாவுக்கு நாற்பத்திரண்டு. சங்கரலிங்கம் நூற்பாலையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். போகும்போதே ஒரு படகையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

படகின் பெயர் ஸ்டெல்லா. நாற்பது அடி நீளம், முழுக்கத் தேக்கு. 1938இல் ஓர் உப்பு வியாபாரி தன் விருந்தாளிகளைத் தீவுகளுக்கு அழைத்துப்போகக் கட்டிய மோட்டார் படகு. போர் வந்ததும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அப்புறம் யார் யார் கைக்கோ மாறி, கடைசியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் இருபத்துநாலு வருஷம் தண்ணீரே படாமல் கிடந்தது.

பெயின்டைச் சுரண்டும்போதே சங்கரலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே சாம்பல்.

"மேஸ்திரியம்மா, இங்க பாருங்க! யுத்தத்துல அடிச்ச பெயின்ட்!"

"இன்னும் சுரண்டுங்க அண்ணாச்சி."

அதற்கும் கீழே மறுபடி வெள்ளை, 1938இல் முதன்முதலாக அடித்தது. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

உளுத்த பலகைகளை மாற்ற ஒன்றரை வருஷம் ஆனது. பழைய எஞ்சினை அவரே பிரித்துக் கழுவி மாட்டினார். பிறகு கலப்பத்து வேலை வந்தது. பலகைகளுக்கு நடுவே பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறக்கி, மேலே எண்ணெய் மக்கு பூச வேண்டும்.

"பஞ்சைப் பத்தி எனக்குத் தெரியும் மேஸ்திரியம்மா," என்றார் சங்கரலிங்கம். "கல்லு மாதிரி இறுகுற பசை இருக்கே. அதை ஊத்தினா ஒரு சொட்டு உள்ள வராதே. ஏன் இந்த மெத்துமெத்துப் பஞ்சு?"

லிடியா அவர் அடித்த திரியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரொம்ப இறுக்கிட்டிய. கொஞ்சம் இளக்குங்க."

அடுத்த இடுக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு பங்குனிக் காலையில் கிரேன் ஸ்டெல்லாவைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சங்கரலிங்கம்தான் முதலில் குதித்து ஏறினார். தரைப்பலகையைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

நூறு இடத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"தூக்குங்க! கிரேனைத் தூக்கச் சொல்லுங்க! முங்கிரும்!"

லிடியா பாவாடையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. பம்பை ஓடவிட்டார். ஒரு மூங்கில் குச்சியையும் சாக்பீஸையும் சங்கரலிங்கத்திடம் கொடுத்தார்.

"தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு மணிக்கு ஒருக்கா அளந்து சொல்லுங்க."

"அளக்கவா? மேஸ்திரியம்மா, ரெண்டு வருஷ உழைப்பு!"

"அளங்க."

அளந்தார். பம்பு ஓடியும் முதல் மணி நேரத்தில் நாலு விரற்கடை ஏறியது. அளந்ததும் ஏறியதை வாளிகளால் இறைத்துக் கொட்டினார்கள். அடுத்ததில் மூன்றரை. பிழையாக அளந்துவிட்டோமோ என்று மறுபடி குச்சியை விட்டார். மூன்றரைதான். சாயங்காலம் இரண்டு. அதன்பிறகு அவரைக் குச்சியிடமிருந்து பிரிக்க முடியவில்லை. வீட்டிலிருந்து வந்த சாப்பாடு தூக்குவாளியிலேயே ஆறிப்போனது.

"ஒண்ணே கால்!" என்று மறுநாள் காலையில் கத்தினார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து, "இப்ப எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் படகிலிருந்த தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு லிடியா பம்பை நிறுத்தினார். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். சங்கரலிங்கம் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. குச்சியை விட்டு எடுத்தார். நுனி மட்டுமே நனைந்திருந்தது.

பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கியிருந்தன. நடுவிலிருந்த மக்கு நூல் போலப் பிதுங்கி நின்றது. அதை நகத்தால் தொட்டார். இங்கே கல் மாதிரிப் பசை இருந்திருந்தால் பருக்க இடமில்லாமல் இந்தப் பலகை வெடித்திருக்குமே என்று நினைத்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"தண்ணி நின்னுட்டு! ஏய், நின்னுட்டுடா!" என்று கரையைப் பார்த்துக் கூவினார்.

எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிடித்தது. ஸ்டெல்லா துறையைத் தாண்டி ஆழத்துக்கு வந்தபோது அலை முகப்பில் உடைந்து இரண்டு பேரையும் நனைத்தது. சங்கரலிங்கம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். அப்புறம்தான் கோபம் வந்தது.

"மேஸ்திரியம்மா, ஊறினா தானா அடைஞ்சிரும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் செத்துப் பிழைச்சேனே!"

லிடியா முகத்திலிருந்த உப்புத் தண்ணீரைத் துடைத்தார்.

"சொல்லியிருந்தா என்னை நம்பி வந்திருப்பிய. இப்ப நீங்களே அளந்து பாத்துட்டு யாரை நம்பி நிக்கிறிய?"